நடுராத்திரி, கையில் தூண்டில், எதிரில் ரோந்து வண்டி

எண்ணூரிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரைக்கும் கரையில் நின்று ராத்திரித் தூண்டில் போடுகிறவர்களுக்கு ரோந்து போலீஸ் புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் பதறுகிறார், வாய் குழறுகிறார், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்விடுகிறது. இவ்வளவு வருடம் கரையில் நின்று தெரிந்துகொண்டதைப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில், வண்டியில் இருக்கிற எஸ்.ஐ. கண்ணால் பாருங்கள். ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவே நூறு, நூற்றைம்பது மீட்டர் இருட்டு. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு உருவம், நீளமாக ஒரு பை, விட்டுவிட்டு எரியும் ஒரு வெளிச்சம். படகில் கழற்றாமல் விட்ட இன்ஜினையோ வலையையோ திருட வந்தவர்களா, தண்ணியடிக்க வந்தவர்களா, படகுக்குச் சிக்னல் காட்டுகிறார்களா என்றுதான் அவருக்குத் தோன்றும். ஒற்றை ஆள் சும்மா அலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் உயிரை மாய்த்துக்கொள்ள வந்தவரோ என்ற பயமும் அவருக்கு வரும். அதனால்தான் தனியாக இருப்பவரிடம் கேள்வி கூடுதலாக வருகிறது. ஆக, 'இந்த ஆள் நிஜமாகவே மீன் பிடிக்கத்தான் வந்தானா' என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் வாய் திறக்கும் முன்பே மணலில் கிடக்கும் சாமான் அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

இடத்தில் தொடங்குவோம். மெரினாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள். அங்கே ஒரு மணிக்குத் தூண்டில் ராடு நட்டு உட்கார்ந்துவிட்டு வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை. அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்திலும் போலீஸ் ஆளை ஏறவிடாது. விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகச் சுவர்கள் பக்கமும் கல்பாக்கம் அணுமின் நிலையக் கரைப் பக்கமும் தூண்டிலே வேண்டாம். அங்கே வருவது உள்ளூர் ஸ்டேஷன் ரோந்து மட்டும் அல்ல, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையும் வரும். பிடித்த மீனோடு நீங்கள் எடுக்கும் செல்ஃபியில் பின்னால் துறைமுக விளக்கு விழுந்திருந்தால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

தெற்கே போகப் போகக் கெடுபிடி இன்னும் அதிகம். ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளிலிருந்து பீடி இலை, மஞ்சள் என்று இலங்கைக்குக் கடத்தல் நடப்பதால் க்யூ பிரிவு (போலீஸ் உளவு), கடலோரப் பாதுகாப்புக் குழுமம், சுங்கத்துறை மூன்றுமே அங்கே கண் வைத்திருக்கின்றன. அந்தப் பக்கம் டார்ச்சைக் கடலை நோக்கி இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போட்டாலே போதும், ஜீப் வந்து நிற்கும். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்த பிறகு வெளியாட்களை இருக்கவிடுவதே இல்லை.

மீனவர் குப்பத்தை ஒட்டிய கரையென்றால் போலீசுக்கு முன்னால் குப்பத்து ஆட்களிடம் சொல்லிவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே போய், வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "அண்ணே, ராத்திரி இங்க தூண்டி போடலாமா, வலை எதுவும் கெடக்கா?" என்று கேளுங்கள். வலை எங்கே கிடக்கிறது, பாறை எங்கே இருக்கிறது என்று அவரே காட்டிவிடுவார். ராத்திரி ரோந்து வரும்போது அந்தக் குப்பத்து ஆள் ஒருவர் "தெரிஞ்ச பசங்கதான் சார்" என்று சொன்னால், ஆதார் அட்டையைவிட அதற்கு மதிப்பு அதிகம். கரையேற்றிய ஃபைபர் படகில் மட்டும் சாயவோ, பையை மாட்டவோ, காற்றுக்கு ஒதுங்கவோ செய்யாதீர்கள். இன்ஜின் திருட்டு நடந்த குப்பத்தில் அது ஒன்றே அடி வாங்கக் காரணமாகிவிடும். இருபது முப்பது அடியாவது தள்ளி உட்காருங்கள்.

வண்டியை ரோட்டு விளக்குக்குக் கீழே, நம்பர் பிளேட் தெரியும்படி விடுங்கள். சவுக்குத் தோப்புக்குள் தள்ளி மறைத்து வைத்தால், வண்டி பத்திரமாக இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒளித்துவைத்த வண்டி. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் டிஜிலாக்கரில் இருந்தால் சட்டப்படி செல்லும். ஆனால் கடற்கரையில் சிக்னல் வராமல் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னமே திறந்து இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை ஒன்றையாவது கையிலும் வைத்திருங்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பாதி வழக்கு. பன்னிரண்டு அடி ராடு மடக்கினால் துணி உறைக்குள் நான்கு, ஆறு அடிக்கு நிற்கும், இருட்டில் அது வேறு எதுவாகவும் தெரியும். கரைக்கு வந்ததும் ராடை மாட்டி, மணலில் அடித்த பிவிசி குழாயில் நிறுத்திவிடுங்கள். நட்டுவைத்த ராடு நூறு மீட்டரிலிருந்தும் தூண்டில் என்று தெரியும். அடுத்தது கத்தி. ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றி. வீட்டு உபயோகத்துக்கென்று செய்த கத்திக்கு அதிலும் விலக்கு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் மணலில் நின்று இதை யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. இறால் நறுக்க, கணவாய் கீற, தூண்டில் நரம்பு அறுக்க 4 அங்குலக் கத்தி தாராளம். அதை இடுப்பிலோ கால்சட்டைப் பையிலோ வைக்காமல் இரைப் பலகைமேல் இரைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மீன் செதிலோடு பலகையில் கிடக்கும் கத்தியைப் பற்றிக் கேள்வி வராது. இடுப்பிலிருந்து எடுத்த கத்தி என்றால் வேறு மாதிரி.

மதுப் புட்டியோடு வருகிறவரைக் கூட்டிப் போகவே கூடாது. எத்தனை நல்ல நண்பராக இருந்தாலும் சரி. பொது இடத்தில் குடித்துவிட்டு இருந்தால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும். கிளம்பி வண்டியை எடுத்தால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் விதிக்கலாம். கூட இருந்து குடிக்காத நாலு பேரும் அந்த ஒரு ஆளால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான்.

இனி, வண்டி வந்து நிற்கும் அந்த நிமிடம். ஹெட்லைட் உங்கள் பக்கம் திரும்பும், இல்லையென்றால் ஒரு டார்ச் மணலில் ஆடி ஆடி வரும். "ஏய், யாருப்பா அங்க?" என்று குரல் வரும். ஓடாதீர்கள். ஒன்றுமே செய்யாதவன் ஓடினாலும் அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. நெற்றியில் ஹெட்லேம்ப் மாட்டியிருந்தால் அதைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், அல்லது கழற்றிக் கையில் பிடித்து மணலைப் பார்க்க எரியவிடுங்கள். குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்ப்பது இயல்புதான், ஆனால் அதோடு 300 லுமென் வெளிச்சம் அவர் முகத்தில் அடிக்கிறது, பேச்சு எரிச்சலில் தொடங்குகிறது. "சார், தூண்டில் போடறோம் சார்" என்று இருக்கிற இடத்திலிருந்தே சத்தமாகச் சொல்லுங்கள். அலைச்சத்தத்தில் மெதுவாகச் சொன்னது கேட்காது, பதில் சொல்லாததுபோல ஆகிவிடும்.

ராடு கையில் இருந்தால் எதிரே நீட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், குழாயில் வைத்துவிடுங்கள். 120 கிராம் ஈயக்குண்டு தொங்கும் ராடு இருட்டில் ஆடினால் யார்மேல் படும் என்று சொல்ல முடியாது. மீன் மாட்டியிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தால், ரீலில் நரம்பை இறுக்கும் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்தி ராடை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பேசுங்கள். "ஒரு நிமிஷம் சார்" என்று முதுகைக் காட்டி இழுத்துக்கொண்டிருந்தால் அவருக்கு அவமதிப்பாகத் தெரியும்.

பையைத் திறக்கச் சொன்னால் நீங்களே திறங்கள். அதற்கு முன்னால் "சார், உள்ள முள்ளு இருக்கு, கைய விட்டுராதீங்க" என்று சொல்லிவிடுங்கள். இரையாகப் போடும் செயற்கை மீனில் தொங்கும் மூன்று கவர் முள் ஒரு காவலர் விரலில் ஏறிவிட்டால், அதைத் திருப்பி எடுக்கவும் முடியாது, அன்றைய ராத்திரி நல்லபடி முடியவும் முடியாது. முள், ஈயம், நரம்பு எல்லாம் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் திறக்காமலே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்புக் கவரில் சுருட்டிய இரைதான் சந்தேகம் கிளப்பும், அதைத் தூக்குவாளியில் கொண்டுபோங்கள்.

கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான்: எந்த ஊர், என்ன வேலை, ஏன் இந்த நேரத்தில், பகலில் பிடித்தால் என்ன? கடைசிக் கேள்விக்குத்தான் பலரும் மழுப்புகிறார்கள். உண்மையான பதில் கையிலேயே இருக்கிறது. போனில் அன்றைய கடல் ஏற்ற வற்ற அட்டவணையைக் காட்டுங்கள்: "இத்தனை மணிக்குத் தண்ணி ஏறி நிக்கும் சார், அப்பதான் கொடுவாவும் காலாவும் கரையை ஒட்டி வரும்." சென்னையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்திலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்தான், அதனால் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை விட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. இதைச் சொன்ன பிறகு பல காவலர்கள் தாங்களே வாளியை எட்டிப் பார்த்து, "என்ன மாட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார்கள். வாளியில் ஒரு கெளுத்தி கிடந்தாலும் பேச்சு இளகிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், "தடைக்காலத்துல பிடிக்கலாமா?" என்ற கேள்வியும் வரும். அந்தத் தடை விசைப்படகுகளுக்கு, கரையில் நின்று போடும் தூண்டிலுக்கு இல்லை. இதைத் திருத்துகிற தொனியில் சொல்லாமல், தெரிவிக்கிற தொனியில் சொல்லுங்கள்.

பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொள்வார்கள். சில சமயம் போனில் முகத்தைப் படம் எடுப்பார்கள். தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் வைத்திருக்கும் முகம் அடையாளம் காணும் செயலியில் பழைய குற்றவாளிகள் பட்டியலோடு அது ஒப்பிடப்படும். தொப்பியைக் கழற்றி நேராக நின்றால் ஒரே தடவையில் முடியும்.

"கெளம்புங்க" என்றால் கிளம்பத்தான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவு, காவலர் தன் கடமையைச் செய்யும்போது தரும் சட்டப்படியான உத்தரவுக்குக் கட்டுப்படச் சொல்கிறது. எதிர்த்தால் பிடித்துவைக்கலாம், சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும். சாமானைக் கட்ட கால் மணி நேரம் கேளுங்கள், தருவார்கள். "எந்த இடத்துல போட்டா உங்களுக்குப் பிரச்சினை இல்ல சார்?" என்று கேட்டுப் பாருங்கள், பல நல்ல இடங்கள் அப்படித்தான் தெரியவந்தன.

எதுவும் செய்யாமலே கைது என்று வந்தால் அப்போது தெரிந்திருக்க வேண்டியவை வேறு. காவலரின் பெயர்ப் பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும், கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். பெண்களைப் பொழுது சாய்ந்து விடியும் வரை விதிவிலக்கான காரணம் இல்லாமல் கைது செய்யக் கூடாது. அப்படியே ஆனாலும் பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். பணம் கேட்டால் "ரசீது குடுங்க சார், கட்டிடறேன்" என்பதோடு நில்லுங்கள், அதற்குமேல் பேச்சை வளர்க்க வேண்டாம்.

சில ராத்திரிகளில் போகாமல் இருப்பதே நல்லது. சாகர் கவாச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும் இரண்டு நாட்கள் அப்படி: காவலர்களே மாறுவேடத்தில் போலி வெடிகுண்டோடு கடல் வழியாக ஊடுருவப் பார்ப்பார்கள், கரையில் இருப்பவர்கள் அவர்களைப் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் கரையில் நிற்கும் ஒவ்வொரு ஆளும் சந்தேக ஆள்தான். பெரும்பாலும் செய்தித்தாளில் வந்துவிடும். டிசம்பர் 31, காணும் பொங்கல், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களும் இதே கணக்கு. மாறாக, பெயர் எழுதாத படகு கரையில் ஒதுங்குவதையோ ஆட்கள் மூட்டை இறக்குவதையோ நீங்கள் பார்த்தால், கிட்டே போகாமல் 1093-க்குச் சொல்லுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் அது.

ஜனவரி முதல் மார்ச் வரை கரையில் நீங்கள் சந்திப்பது போலீசை மட்டும் அல்ல. பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம், வனத்துறை ஆட்களும் ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்க 'ஆமை நடை' போகும் மாணவர்களும் ராத்திரி முழுக்க நடப்பார்கள். மணலில் வெளிச்சம் அடிக்காதீர்கள். ஆமை ஏறினால் நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, அது திரும்பிக் கடலுக்குப் போகும் வரை உட்கார்ந்திருங்கள்.

ஏரிகள் கதையே வேறு. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி மூன்றும் குடிநீர் ஏரிகள், ராத்திரியில் கரையேறவே கூடாது. மற்ற ஏரிகளில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் கையில் எழுத்தில் அனுமதி வாங்காமல் போட்டால் அது மீன் திருட்டுப் புகாராகத்தான் ஸ்டேஷனுக்குப் போகும், அங்கே ஏற்ற வற்ற அட்டவணை காப்பாற்றாது.

ரோந்து வண்டி போய்விட்டது, தொடரலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவசரத்தில் உடனே வீசாதீர்கள். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க முள்ளோடு சேரும் லீடர் நரம்பு மணலில் புரண்டிருக்கும். முள்ளுக்கு மேலே ஓரடி நரம்பை இரண்டு விரல் நகத்துக்கு நடுவே மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் சொரசொரப்புத் தட்டினாலும் அந்த ஓரடியை வெட்டிவிட்டு, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, புது இரை மாட்டிப் போடுங்கள்.