ஐந்தாவது ஹெட்டும் ஐந்து கிளாஸ் ஒயினும்

கனெல்லி என்று ஓர் ஊர். இத்தாலியின் வடமேற்கில், பியெமோந்தேயில், ஆஸ்திக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோம், வெனிஸ் என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் எதையாவது பாட்டிலில் அடைத்து விற்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்த ஊர். சுற்றிலும் குன்றுகள், குன்றெல்லாம் மொஸ்காத்தோ திராட்சை. 1865இல் கார்லோ கான்ச்சா என்பவர், பாட்டிலுக்குள்ளேயே புளிக்கவிடும் ஷாம்பெயின் முறையில் இத்தாலியின் முதல் நுரைக்கும் ஒயினை இங்கேதான் செய்தார். ஒயின் பெருகியதும் பாட்டில் கழுவ, நிரப்ப, மூட, லேபிள் ஒட்ட மெஷின் வேண்டியிருந்தது. மேலே தோட்டம், கீழே பட்டறை என்று ஆகிவிட்டது ஊர்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ், ஜூஸ் ஆலையில் நான் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். 2024 நவம்பரில் எங்கள் புது மூடி போடும் மெஷினை, கப்பலில் ஏற்றும் முன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட அங்கே போனோம். எம்.டி., பர்ச்சேஸ் மேனேஜர், நான். மூவரில் மெஷினில் கை வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் குறை சொல்லும் வேலையும் எனக்கு.

குறை இருந்தது. எட்டு ஹெட், அதாவது மூடியை முறுக்கும் தலை, உள்ள மெஷின். மூடியைத் திறக்கத் தேவைப்படும் முறுக்கு 14 முதல் 18 இஞ்ச்-பவுண்டுக்குள் இருக்கவேண்டும் என்பது எங்கள் கணக்கு. நூறு பாட்டிலை அளந்து சராசரி போட்டு, 15.2 என்று காட்டினார் அவர்களுடைய சேல்ஸ் மேனேஜர். சராசரி சரிதான். ஆனால் எந்த பாட்டில் எந்த ஹெட்டிலிருந்து வந்தது என்று ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டுப் பார்த்தால், எட்டு பாட்டிலுக்கு ஒன்று 9, 10 என்று நின்றது. ஐந்தாவது ஹெட். எங்கள் ஊர் வெயிலில் லாரியில் போகும்போது அந்த பாட்டில்தான் கசியும். சேல்ஸ் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் சராசரியைப் பாருங்கள்" என்றார். மெஷினைக் கட்டிய மெக்கானிக், அறுபதை நெருங்கும் வயது, கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். சாயங்காலம்வரை இழுபறி. அப்புறம், "ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்" என்று எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

குன்றின்மேல் இருந்த ஒரு சின்ன உணவகம். மேசையில் ஆளுக்கு ஐந்து கண்ணாடி கிளாஸ் வரிசையாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சாப்பாட்டு நினைப்பே போய்விட்டது. எம்.டி. முன்னால் எப்படிக் குடிப்பது? நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. குடிக்கிறவர்கள்கூட முதலாளி கண்ணில் படாமல்தான் குடிப்பார்கள். பட்டுவிட்டால் மறுநாள் முகம் பார்க்க முடியாது. நான் குடிக்கிற ஆளும் இல்லை. கிளாஸைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். எம்.டி. கவனித்துவிட்டார். "என்னப்பா, கையக் கட்டிட்டு ஒக்காந்திருக்க? மாங்கூழ் ருசி பாக்கற மாதிரி பாரு. இதுவும் டூட்டிதான்" என்றார். "சரிங்க சார்" என்றேன், ஏதோ மெமோ வாங்கியவன்போல.

முதல் கிளாஸ் அல்தா லாங்கா. நுரைக்கிற வெள்ளை ஒயின். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவிட்டு, குறைந்தது 30 மாதம் அந்த ஈஸ்ட் வண்டலோடு வைத்திருந்த பிறகுதான் விற்கலாமாம். கூடவே கிரிசினி என்ற நீளமான ரொட்டிக் குச்சிகள். நல்ல புளிப்பு, நாக்கில் ஊசி ஊசியாய்க் குத்தியது, அவ்வளவுதான். மூன்று விரல் உயரம்கூட ஊற்றவில்லை. அப்போதுதான் புரிந்தது, இது குடிக்கிற கூட்டம் இல்லை என்று. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் இருந்தது. எல்லோரும் அதைத்தான் அதிகம் குடித்தார்கள்.

இரண்டாவதாக ஆர்நெய்ஸ் என்ற இன்னொரு வெள்ளை. அதற்குத் துணையாக ஒரு சின்னச் சட்டியில், அடியில் மெழுகுவத்தி எரிய, பாக்னா காவ்தா வந்தது. சூடான தொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட குடைமிளகாயை அதில் தொட்டுச் சாப்பிடவேண்டும். பூண்டு மணம் ஆளைத் தூக்கியது. எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர் சுத்த சைவம். "பூண்டுத் தொக்குதானே" என்று குடைமிளகாயை முக்கி வாய்வரை கொண்டுபோய்விட்டார். எனக்கு மூக்கில் வேறு ஏதோ பட்டது. கேட்டால், நெத்திலி. உப்பில் ஊறிய நெத்திலியைப் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் கரைத்தது. நல்லவேளை, கை பாதி வழியில் நின்றது. அதன்பிறகு ராத்திரி முழுக்க மனிதர் ஒவ்வொரு தட்டையும் என்னை முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் தொட்டார்.

மூன்றாவது, தஜாரின். முட்டை மஞ்சள்கரு நிறையப் போட்டுப் பிசைந்து, இடியாப்பத்தைவிடக் கொஞ்சம் தடியாக வெட்டிய நூல். வெண்ணெயில் பிரட்டி வைத்ததும் பரிமாறுகிறவர் ஒரு சின்ன டிஜிட்டல் தராசோடு வந்தார். அதில் அழுக்கு உருளைக்கிழங்குபோல ஒரு உருண்டையை வைத்து எடையைக் காட்டினார். அல்பா என்ற ஊரின் வெள்ளை ட்ரஃபிள். மண்ணுக்கடியில் மரவேரோடு ஒட்டி வளரும் காளான் ஜாதி, நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டுகிறார்கள். தட்டுத் தட்டாகச் சீவி முடித்ததும் மறுபடி தராசில் வைத்தார். குறைந்த எடைக்குத்தான் காசு. நகைக்கடையில் சேதாரம் பார்ப்பதுபோல எம்.டி. எட்டி எட்டிப் பார்த்தார். மணம்? கொஞ்சம் பூண்டு, கொஞ்சம் பெருங்காயம், கொஞ்சம் காஸ் சிலிண்டர் கசிவு. பெருங்காயத்திலும் இதிலும் மணத்துக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள்தான் என்பதால் ரசம் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாகப் படவில்லை. கூட வந்த பார்பேரா சிவப்பு ஒயின் நல்ல புளிப்பு, வெண்ணெயின் பிசுக்கை நாக்கிலிருந்து வழித்து எடுத்துவிட்டது. பொரியலுக்குப் பக்கத்தில் ரசம் இருக்கிற நியாயம்தான். நாம் எல்லாவற்றையும் ஒரே இலையில் வைத்துவிட்டு எதை எதோடு சேர்ப்பது என்பதைச் சாப்பிடுகிறவர் கையில் விடுகிறோம். இவர்கள் ஜோடியைத் தாங்களே முடிவு செய்து ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

நான்காவதுதான் விஷயம். பரோலோ.

நெபியோலோ என்ற ஒரே ஒரு திராட்சையில் செய்வது, பதினோரு ஊர்களின் எல்லைக்குள் விளைந்தது மட்டும். குறைந்தது 38 மாதம் வைத்திருக்கவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இதெல்லாம் சட்டம். மற்றவர்களுக்கு அதே ஒயினில் வேகவைத்த மாட்டிறைச்சி. நாங்கள் முன்பே சொல்லி வைத்திருந்ததால் எம்.டி.க்கும் எனக்கும் கினிக்கோழி. ஊரில் தோட்டத்துக் காவலுக்குக் கத்திக்கொண்டு திரியும் அதே கினிக்கோழிதான். பர்ச்சேஸ் மேனேஜருக்குச் சீஸும் காயும்.

கோழியைத் தொடும் முன்னால் ஒரு வாய் பரோலோவை உறிஞ்சினேன். நிறம் வெளிறிய செங்கல், மணம் காய்ந்த ரோஜா, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விழுங்கிய அடுத்த நொடி ஈறும் கன்னத்தின் உள்புறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. எனக்கு உடனே ஆலை ஞாபகம் வந்தது. பழத்தைக் கூழாக்கும் பல்ப்பரில் மாங்கொட்டை உடைந்து உள்ளிருக்கும் பருப்பு கூழோடு கலந்துவிட்டால் வருகிற அதே பிடி. ஜூன், ஜூலை சீசனில் மணிக்கொரு தரம் ஒரு ஸ்பூன் கூழை நாக்கில் வைத்து அதைத்தான் தேடுவேன். பட்டால் லைனை நிறுத்து என்பேன்.

"சார், கொட்டை உடைஞ்ச கூழ் மாதிரி துவர்க்குது" என்றேன் எம்.டி.யிடம் மெதுவாக.

அவர் பெரிதாகச் சிரித்துவிட்டார். "அதை அவங்ககிட்டயே சொல்லு" என்றார். சொன்னேன். சேல்ஸ் மேனேஜர் முகம் சுருங்கிப் போயிற்று. அந்த மேசையில் இருந்ததிலேயே விலை உயர்ந்த பாட்டில் அது. வேண்டாவெறுப்பாக மெக்கானிக்குக்கு இத்தாலியனில் மொழிபெயர்த்தார். மத்தியானம் முழுக்க வாய் திறக்காத அந்த மனிதர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, சேல்ஸ் மேனேஜர் மொழிபெயர்த்துக் களைத்துப் போனார். திராட்சையிலும் துவர்ப்பு இரண்டு இடத்திலிருந்து வருகிறது, தோல், கொட்டை. பிழியும்போது கொட்டை உடைந்துவிடக் கூடாது. உடைந்தால் கரடு முரடாகிவிடும். தோலிலிருந்து வருவதை மரத்திலும் பாட்டிலிலும் காலம்தான் மிருதுவாக்கும். அவர் அப்பா சின்னதாகத் தோட்டம் வைத்திருந்தாராம். "இப்போது கோழியைத் தின்றுவிட்டுக் குடி" என்று ஜாடை காட்டினார். தின்றேன். கொழுப்பும் இறைச்சியும் போன வாயில் அந்த இழுப்பு பாதியாகிவிட்டது. கறி விருந்துக்குப் பிறகு பாக்கு மெல்லுகிற கணக்கு.

அறுசுவையில் துவர்ப்புக்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம், வாழைப்பூ, நாவல்பழம், நெல்லிக்காய் என்று பட்டியலும் சொல்லுவோம். ஆனால் துவர்ப்பாக இருக்கிறது என்று எதையாவது பாராட்டி நான் கேட்டதில்லை. பதினான்கு வருஷமாக நான் குறை என்று எழுதி வந்த ருசிக்கு இங்கே மூன்று வருஷம் காத்திருந்து விலை வைக்கிறார்கள் என்பது என்னை என்னவோ செய்தது. அதற்காக நாளை முதல் கூழில் கொட்டையை விட்டுவிடப் போவதில்லை, அது வேறு.

பரோலோ பாட்டிலின் கழுத்தில் எண் போட்ட ஒரு தாள் பட்டை ஒட்டியிருந்தது. அரசு தருவது. டாஸ்மாக் பாட்டிலில் ஹாலோகிராம் மாதிரியா என்று கேட்டேன். மெக்கானிக் முகம் மாறியது. 1986இல் அவர் வேலை பழகிக்கொண்டிருந்த பையனாம். மலிவு ஒயினில் போதையைக் கூட்ட மெத்தனால் கலந்து விற்றார்கள், அதுவும் இதே பியெமோந்தேயிலிருந்து. இருபது பேருக்கு மேல் செத்தார்கள், பலருக்குப் பார்வை போயிற்று. ஏற்றுமதி படுத்தது, அவர்கள் பட்டறைக்கும் ஆர்டர் நின்றது. அதன்பிறகுதான் குறைவாகச் செய்வோம், நல்லதாகச் செய்வோம் என்று பலர் திரும்பினார்கள் என்றார். எம்.டி. என்னைப் பார்த்தார். 2024 ஜூனில்தான் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அதே மெத்தனால். எங்கள் லோடிங் ஆள் ஒருவருடைய மச்சானும் அதில் ஒருவர். அதை நான் மேசையில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யாரும் கிளாஸைத் தொடவில்லை.

கடைசியில் ஹேசல்நட் கேக்கும் மொஸ்காத்தோ தாஸ்தி என்ற ஒயினும். இனிப்பு, ஐந்து சதவீதம்போலத்தான் ஆல்கஹால், பர்ச்சேஸ் மேனேஜர்கூட ஒரு வாய் பார்த்தார். அழுத்தம் தாங்கும் மூடிய தொட்டியில் புளிக்கவிட்டு, வேண்டிய இனிப்பு இருக்கும்போதே குளிரவைத்து நிறுத்திவிடுவது. நுரை ஒயினைத் தொட்டியிலேயே செய்யும் அந்த முறைக்கு 1895இல் காப்புரிமை வாங்கிய மார்த்தினொத்தி, ஆஸ்தியில் இருந்த ஒயின் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். ஒயினைவிட எனக்கு அந்தத் தொட்டியின் வால்வைப் பற்றிக் கேட்க ஆசையாக இருந்தது.

கிளம்பும்போது கோட்டு மாட்டுகிற இடத்தில் மெக்கானிக் என் பக்கத்தில் வந்து நின்றார். சேல்ஸ் மேனேஜர் பில்லோடு உள்ளே இருந்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, "தெஸ்தா சிங்க்வே" என்றார். ஐந்தாவது ஹெட். பிறகு, "தொமானி", நாளைக்கு. கைக்கடிகாரத்தில் ஏழரையைத் தொட்டுக் காட்டினார்.

காலையில் நான் போனபோது ஹெட்டைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் பரப்பி வைத்திருந்தார். மூடியை முறுக்கும் காந்த கிளட்ச். அதன் வளையத்தில், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற முடி போன்ற விரிசல். புதிது போட்டு இருநூறு பாட்டில் ஓட்டினோம். ஐந்தாவது ஹெட் 15, 16, 15.

ஒன்பது மணிக்கு வந்த சேல்ஸ் மேனேஜர் அறிக்கையில் 'சிறு சரிசெய்தல்' என்று எழுதி நீட்டினார். அதற்குக் கீழே, 'ஐந்தாவது ஹெட், காந்த வளையம் மாற்றப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கி மெக்கானிக்கும் பக்கத்தில் போட்டார்.