வீட்டில் பார்த்த சீனி

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அரச ஆஸ்பத்திரியில் நீரிழிவு கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் கமக்காரர். வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வந்து, ரத்தம் கொடுத்து, கொப்பியை நீட்டி, மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "சீனி எப்பிடி மிஸ்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். தன் உடம்பைப் பற்றித் தானே ஏதும் சொல்லலாம் என்ற நினைப்பே பலருக்கு இருந்ததில்லை.

இப்போது சிலர் வீட்டில் குளுக்கோமீற்றர், அதாவது விரலில் குத்திச் சீனி பார்க்கிற சின்ன மெஷின், வைத்திருக்கிறார்கள், அவர்களோடு கதைக்கிற கதையே வேறு.

முத்தையன்கட்டுப் பக்கத்து ஐயா ஒருவருக்குக் கிளினிக்கில் காலைச் சீனி எப்போதும் 150க்குக் கிட்ட நிற்கும். கொப்பியை மட்டும் பார்த்தால் யாருக்கும் குளிசையைக் கூட்டத்தான் தோன்றும். காலபோக விதைப்பு நேரம் வயலுக்குள் கை நடுங்கி வியர்த்துக் கொட்ட, வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்திருக்கிறார், 58. 70க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டியது. பேத்தி அதைப் போனில் படம் எடுத்து, நேரத்தையும் அவர் என்ன சாப்பிட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். விடிய சீனியைக் குறைக்கிற கிளிக்லசைட் குளிசையைப் போட்டு, வெறும் தேத்தண்ணியோடு வயலில் இறங்கி, பத்து மணிக்குப் பிறகு சாப்பிடுகிற மனுசன். "டொக்டர், குளிசையைச் சாப்பாட்டோட போடட்டோ?" என்று அவரே கேட்டார். டொக்டர் குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். கிளினிக்கில் எடுக்கிற காலை ரத்தம் இதை ஒருநாளும் காட்டியிராது.

மெஷின் வந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்குள்ளவற்றில் பல கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியவை, அங்கே சீனியை அளக்கிற கணக்கு மில்லிமோலில், எங்கள் கொப்பியில் மில்லிகிராமில். "சீனி பதினொண்டுதான் பிள்ளை, நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று ஒரு அம்மா சிரித்துக்கொண்டு சொன்னபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. 11ஐ 18ஆல் பெருக்கினால் 198. கொப்பி மட்டையில் பெரிதாக '18ஆல் பெருக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை பெருக்கின கணக்கோடு வந்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான் ஏறுகிறது என்று அவவே சொன்னா.

சரி, ஒவ்வொரு முறையும் ரத்தத்துளி வைத்து மெஷினில் செருகுகிற ஸ்ரிப்புக்கு ஆகிற காசு? கூலி வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய பாரம். அப்படிப்பட்டவர்களைத் தினமும் குத்தச் சொல்வதில் நியாயமில்லை. கிளினிக்குக்கு முந்தின கிழமை இரண்டு மூன்று நாள், ஒருநாள் விடிய, ஒருநாள் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் குறித்து வந்தாலே டொக்டருக்குப் பெரிய உதவி.

ஸ்ரிப் முடிந்து, இங்கே வாங்கவும் முடியாமல், அலுமாரிக்குள் கிடக்கிற மெஷின்கள் நிறைய. அதனால் வெளியில் இருந்து அனுப்புகிற பிள்ளைகள், அந்த மொடலுக்கு ஸ்ரிப் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்று வீட்டுக்காரரைப் பாமசியில் கேட்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தக் காசை அனுப்புங்கள், மில்லிகிராமில் காட்டுகிற மெஷினை அவர்கள் இங்கேயே வாங்கட்டும்.