மத்தளத்துக்கு எந்தப் பெட்டியில் புள்ளடி?

முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். பிள்ளைகளுக்குக் கோவலன் கூத்துப் பழக்க அண்ணாவியார் ஓமென்று சொன்னபோது எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒரு சோடிச் சல்லரி மட்டும்தான். மத்தளமும் உடுப்புகளும் 2009 யுத்த இடப்பெயர்வோடு போய்விட்டன.

கொழும்பில் ஒரு கொம்பனி ஊர்களுக்கு உதவுகிறதாம் என்று கேள்விப்பட்டு, பெப்ரவரியில் தமிழில் வடிவாக ஒரு கடிதம் போட்டேன். மூன்று மாதம் மூச்சில்லை. எடுத்துக் கேட்டால், அந்த வருசத்துக் காசு அப்பவே முடிந்துவிட்டதாம். பல கொம்பனிகளுக்கு நிதியாண்டு மார்ச் 31 உடன் முடிகிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். புதுசாக விண்ணப்பிக்க வேண்டும், படிவமோ ஆங்கிலத்தில்.

“1987இல 13ஆம் திருத்தத்தோட தமிழும் ஆட்சிமொழிதானே?” என்று கொதித்தேன்.

“அது அரசாங்கத்துக்குப் பிள்ளை, கொம்பனிக்கு இல்லை” என்று சிரித்தபடி நிரப்பித் தந்தார் எங்கள் பழைய ரீச்சர். இந்தியாவில் பெரிய கொம்பனிகள் லாபத்தில் 2 வீதம் இப்படிச் சமூக வேலைகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. தந்தால் உண்டு.

படிவத்தில் நாலு பெட்டி: கலை, கல்வி, விளையாட்டு, தொண்டு. ஒன்றில்தான் புள்ளடி போடலாம். கலைக்குப் போட்டால் கலாமன்றப் பதிவு கேட்கிறார்கள், எங்களுடையது சனசமூக நிலையம். விளையாட்டுக்குப் போட்டாலும் பிழையில்லை, விடிய விடிய ஆடினவனின் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள். கடைசியில் ‘பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு’ என்று எழுதிக் கல்வியில் போட்டோம். பொய்யில்லை.

பிறகு வந்தது பெரிய தலையிடி: மூன்று இடத்து விலைப்பட்டியல். பந்தும் வலையும் என்றால் கிளிநொச்சியில் ஒரு பின்னேரத்தில் எடுத்துவிடலாம். மத்தளத்துக்கு மூன்று கடைக்கு எங்கே போக? பரந்தன் வீதியால் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், செய்கிற ஒருவரைப் பிடித்தோம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் விலை எழுதித் தந்தார்.

“ஐயா, கடை முத்திரை வேணும்.”

“எங்க குத்திறது, தோலிலயோ?”

அந்தத் தாளையே கொண்டுவந்து, வேறு இடத்தில் விலை எடுக்க முடியாத காரணத்தை எழுதி, கிராம சேவையாளரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம். ஆச்சரியம், ஏற்றுக்கொண்டார்கள். முதல் கடிதத்தில் ‘தங்களால் இயன்ற உதவி’ என்று பொதுவாக எழுதியதுதான் என் பிழை என்று நினைக்கிறேன். இந்த முறை ஒரு மத்தளம், பன்னிரண்டு சோடிச் சதங்கை, இவ்வளவு ரூபா என்று கணக்காகக் கேட்டோம்.

அடுத்த வருச வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னமே கையளிப்பு வைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பனர் எங்கள் மேடைத் திரையைவிடப் பெரிது. அதைக் கட்டவே முக்கால் மணித்தியாலம் போனது. கமராக்காரத் தம்பி, “ஐயா, இங்க பார்த்துச் சிரியுங்கோ” என்று நாலுதரம் கேட்டான். அண்ணாவியார் நிமிரவில்லை. மத்தளத்தை மடியில் வைத்து, ஒற்றை விரலால் ஒரு பக்கம் தட்டி, காதைக் கிட்டக் கொண்டுபோய், மற்றப் பக்கம் தட்டினார்.

“இடப்பக்கம் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கவேணும், பிள்ளை.”