இரண்டடி நெருப்புக்கு நான்கெல்லை

கொல்லையில் மாலை வேளையில் சிறிதாக நெருப்பு மூட்டி, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து பேசுவதற்கு நகர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று நான் சொன்னபோது, தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றித் துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்ற என் மாமனாரின் முகத்தில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த ஐந்து வாரங்களில் முதன்முறையாக ஒளி தெரிந்தது. அதுவரை குளிரைப் பற்றியும், தெருவில் மனித நடமாட்டமே இல்லாததைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தவர், “விண்ணப்பப் படிவம் எங்கே, மாப்பிள்ளை?” என்று கேட்டபடி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மினசோட்டா மாநில விதிப்படி, மூன்றடி விட்டமும் மூன்றடி உயரமும் மிகாத கணப்புத் தீக்கு மாநிலத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் அந்தந்த நகரம் அதைவிடக் கடுமையான விதிகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், எங்கள் ஊரில் ஆண்டுதோறும் தீயணைப்புத் துறையிடம் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. படிவம் ஒரே பக்கம்தான், அதையும் கணினியிலேயே நிரப்பிவிடலாம். மாமாவோ அதை அச்சிட்டு வரச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இணைப்புகளின் பட்டியல் எதுவும் இல்லையே என்று உண்மையாகவே வருந்தினார்.

படிவத்தின் அடியில் இருந்த ஒரு சிறு கட்டத்தில், தீ மூட்டும் இடத்தைக் காட்டும் தோராயமான படம் ஒன்று போதும் என்று எழுதியிருந்தது. தோராயம் என்ற சொல் மாமாவுக்குப் பிடிக்காது. மறுநாள் காலை நாங்கள் இருவரும் நூறடி டேப்புடன் கொல்லையில் இறங்கினோம். இரும்பு வளையத்தைப் பதிக்கப் பள்ளம் தோண்ட வேண்டியிருந்ததால் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளம் காட்டச் சொல்லி நான் முன்கூட்டியே 811 என்ற எண்ணை அழைத்திருந்தேன். அதன்பேரில் ஆட்கள் வந்து எரிவாயுக் குழாய் போகும் தடத்தில் மஞ்சள் கொடிகளையும் மின்கம்பி போகும் தடத்தில் சிவப்புக் கொடிகளையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சர்வே கல்லைத் தேடி முள்ளுக்காட்டில் அலைந்த தமது பணிக்காலத்தை நினைத்து, மாமா அந்தக் கொடிகளைச் சற்றுப் பொறாமையுடன் பார்த்தார்.

அளந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. தீ மூட்டும் இடம் எந்தக் கட்டடத்திலிருந்தும், எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 25 அடி தள்ளி இருக்க வேண்டும். எங்கள் வீட்டின் டெக் எனப்படும் மரத்தளத்தின் விளிம்பிலிருந்து பின்புற மரவேலி வரை சரியாக 52 அடி. இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 25, நடுவில் நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த மூன்றடி வளையம் என்று கூட்டினால் 53. ஓர் அடி உதைத்தது. பணிக்காலம் முழுவதும் ஆக்கிரமிப்புகளை அகற்றியவர் என்பதால், அவருடைய பார்வை முதலில் பக்கத்து வீட்டுக்காரரின் வேலி மீது சந்தேகத்துடன் படிந்தது. வேலியைத் தொடக்கூடாது என்று நான் மன்றாடிய பிறகு, மூன்றடி என்பது உச்சவரம்புதானே, இரண்டடியில் நெருப்பு எரியாதா என்று அவரே வழி கண்டுபிடித்தார். வளையத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து, பொங்கல் பானை வைக்கும் அடுப்பைவிடச் சற்றே பெரிதான ஒன்றை வாங்கி வந்தேன். மாமா, பத்தடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில், வடக்கு நோக்கிய அம்புக்குறியுடன் வரைபடம் வரைந்து, வடக்கே மரவேலி, தெற்கே மேற்படி வீட்டின் மரத்தளம், கிழக்கே அண்டை வீட்டாரின் கொட்டகை, மேற்கே காலிப் புல்தரை, இந்த நான்கெல்லைக்குட்பட்ட இரண்டடி வட்டம் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் இட்டார்.

விறகு விஷயத்தை அவ்வளவு எளிதில் முடிக்க முடியவில்லை. பழைய மரத்தளத்திலிருந்து கழற்றிய பலகைகளை எரிக்கலாமே என்றார். 2003-ஆம் ஆண்டு முடியும் வரை இங்கே வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்ற பதப்படுத்திய மரங்களில் ஆர்சனிக் கலந்திருந்தது, அதன் புகையும் சாம்பலும் நஞ்சு என்று விளக்கினேன். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் இருக்கும் நண்பர் ஒரு வண்டி விறகு இலவசமாகத் தருவதாகச் சொன்னதையும் மறுக்க வேண்டியிருந்தது. 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டு, 2009-இல் மினியாபொலிஸை அடுத்துள்ள செயின்ட் பால் நகரத்துக்கும் வந்து சேர்ந்த ஒரு பச்சை வண்டு, ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொன்றுகொண்டிருக்கிறது; அது விறகோடு விறகாக ஊர்விட்டு ஊர் போய்விடும் என்பதால், விறகை உள்ளூரிலேயே வாங்க வேண்டும். மணல் லாரிகளை மடக்கிய அனுபவமுள்ள மாமாவுக்கு இந்த விதி உடனே விளங்கிவிட்டது.

தீயணைப்பு வீரர் ஆய்வுக்கு வந்த அன்று மாமா சட்டையை உள்ளே விட்டு இடைவார் கட்டி, கோப்புடன் வாசலிலேயே நின்றார். ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு வாய் காபிகூடக் குடித்ததில்லை என்று இருபது தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பவர், வந்தவருக்கு ஒரு தட்டு முறுக்கை நீட்டினார். அவர் இரண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வளையம் வரை எட்டுகிறதா என்று பார்த்தார். பிறகு, வளையத்திலிருந்து பன்னிரண்டு அடியில் நாங்கள் அழகாக அடுக்கி வைத்திருந்த விறகுக் குவியலைச் சுட்டிக்காட்டி, அதுவும் எரியக்கூடிய பொருள்தானே என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நான்கு திசைகளையும் அளந்த நாங்கள் எங்கள் விறகை அளக்கவில்லை. மாமா அந்தக் கேள்வியை ரசித்தார். “இவர் வேலை தெரிந்தவர்” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, தாமே முதல் கட்டையைத் தூக்கினார். விறகு முழுவதும் கராஜின் மறுபக்கத்துக்குப் போனதும் பத்தே நிமிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. அதில் முத்திரை இல்லாதது குறித்து அன்றிரவு சாப்பாட்டின்போது பேசப்பட்டது.

நண்பர்களை அழைத்திருந்த சனிக்கிழமையன்று, பலத்த காற்று, வறண்ட புல் என்று காரணம் காட்டி வானிலைத் துறை செங்கொடி எச்சரிக்கை விடுத்துவிட்டதால் எல்லா அனுமதிகளும் தானாகவே நிறுத்திவைக்கப்பட்டன. மூன்று குடும்பங்கள் கம்பளி போர்த்திக்கொண்டு, எரியாத வளையத்தைச் சுற்றி உட்கார்ந்து, அடுப்பில் சுட்ட சோளக்கதிரைத் தின்றுவிட்டுப் போயின. அடுத்த வாரம் காற்று அடங்கியது. தீ மூட்டுவதற்கு முன் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஊர் விதி. அந்தப் பொறுப்பை மாமா எனக்கு விட்டுத்தரவில்லை. முகவரி, அனுமதி எண், வட்டத்தின் அளவு, பத்து மணிக்குள் அணைத்துவிடுவோம் என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தார். மறுமுனையில் இருந்த பெண், மாலைப் பொழுதை மகிழ்ச்சியாகக் கழியுங்கள் என்று வாழ்த்திவிட்டு இணைப்பைத் துண்டித்தார்.

நெருப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் மாமா கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கடித எண் எதுவும் தரவில்லையாம். கோப்பில் எதை எழுதுவது என்று என்னைக் கேட்டார்.