பயறு மூட்டையைக் கட்டுவதற்கு முன்

உளுந்தோ தட்டைப்பயறோ, அறுவடையாகி மூன்று மாதம் கழித்து மூட்டையைப் பிரித்தால் மாவு கொட்டுகிறது. மூட்டை வைத்த இடம் சரியில்லை, அங்கேதான் வண்டு விழுந்தது என்று விவசாயிகள் பலரும் சொல்வார்கள். ஆனால் வண்டு பெரும்பாலும் வயலிலிருந்தே வந்துவிடுகிறது. காய் முற்றிக் காயும்போதே பயறு வண்டு அதன் மேல் முட்டையிடும். பொரித்த புழு துளைத்துப் பருப்புக்குள் போய்விடும். களத்தில் அள்ளிப் பார்த்தால் பயறு சுத்தமாகத்தான் தெரியும். நம் வெயிலில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஒரு பெண் வண்டு நூறு முட்டைவரை இடும் என்பதால், மூன்றாவது மாதம் மூட்டை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே முக்கால்வாசிக் காய் முற்றிக் காய்ந்ததும் பறித்துவிட வேண்டும். செடியிலேயே கிடக்கும் ஒவ்வொரு நாளும் வண்டுக்குக் கொடுக்கும் வாய்ப்பு.

அடுத்தது காய்ச்சல். பயறின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கண்ணாடி பாட்டிலில் காய்ந்த உப்போடு தானியத்தைப் போட்டுக் குலுக்கி, உப்பு பாட்டிலில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் முறை பல நாடுகளில் உண்டு. அதை மட்டும் நம்பக்கூடாது. ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால்தான் உப்பு ஒட்டும். ஒட்டவில்லை என்பதற்காகப் பயறு காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கடித்தால் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும்.

உள்ளே புகுந்துவிட்ட புழுவை வெயிலே கொல்லும். தரையில் கறுப்பு பாலிதீன் விரிப்பு, அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பயறு, மேலே நிறமற்ற பாலிதீன். நான்கு ஓரத்தையும் மடித்துக் கல் வைத்து, உச்சிவெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். உள்ளே 57 டிகிரி சூடு ஒரு மணி நேரம் நின்றாலே முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் செத்துவிடும். அந்தச் சூட்டோடு மூட்டை பிடித்துவிடக் கூடாது. இரவில் குளிரும்போது உள்ளே நீர் கோத்து, பூஞ்சணம் பிடித்துவிடும்.

அடுத்தது பயறைக் கட்டிவைக்கும் பை. காற்றுப்புகாத மூவடுக்குப் பை 1980களின் இறுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூனில், தட்டைப்பயறு விவசாயிகளுக்காகவே பர்டூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. உள்ளே இரண்டு கனமான பாலிதீன் உறைகள், வெளியே சாதாரணச் சாக்கு. மருந்து எதுவும் கிடையாது. உள்ளிருக்கும் பூச்சியே சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பயறு வண்டின் புழு தனக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் சுவாசத்தின் மூலம்தான் உண்டாக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் தின்பதை நிறுத்தி, வறண்டே சாகும். இதைவிடப் பத்திரமான வழி வீட்டு அளவில் இல்லை என்பது எங்கள் கருத்து. பூச்சியைப் புகையால் கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. அதன் வாயு அந்த வீட்டில் தூங்கும் மனிதரையும் கொல்லும்.

பை தோற்றுப்போகும் இடம் வாய்க்கட்டு. மேலே இரண்டு சாண் உறையை விட்டு, பயறை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, கழுத்தை இறுக முறுக்கி, இரண்டாக மடித்து, சைக்கிள் ட்யூப் பட்டையால் கட்ட வேண்டும். பிறகு இரண்டாம் உறை, கடைசியில் சாக்கு, தனித்தனியாக. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் காற்று புகுந்துவிடும். பாதிப் பை நிரப்பினால் மிச்சமிருக்கும் காற்றிலேயே பூச்சி பல நாள் பிழைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை சமையலுக்குத் திறந்தால் பை வாங்கியதே வீண். வீட்டுச் செலவுக்கானதை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். குச்சியும் காய்த்தோலும் உறையைக் கிழிக்கும், புடைத்துவிட்டே நிரப்ப வேண்டும். ஈரப் பயறை இந்தப் பை காய வைக்காது, ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

பழைய உறையை மறுபடி பயன்படுத்துவதென்றால், காற்றை அடைத்து வாயைப் பிடித்து அமுக்கி, காதருகே வைத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்றால் அந்த உறையை ஒதுக்கிவிடுங்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால், எலி வந்து போகும் தடம் கண்ணில் படும்.

பை கிடைக்காத இடத்தில் நம் ஊர் வழிகள் சோடையில்லை. துவரைக்குச் செம்மண் கட்டலாம், அதாவது செம்மண் குழம்பில் புரட்டிக் காய வைக்கலாம். உடைத்துப் பருப்பாக்கினால் வண்டு அவ்வளவாக அண்டாது. விதைப் பயறுக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் புரட்டினாலே முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும்.