எது முதலில்?
சீட்டுச் சண்டை விளையாட்டில் கையில் என்ன அட்டை இருக்கிறது என்பதைவிட, எது முதலில் நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். 'ஸ்லே த ஸ்பயர்' என்ற கணினிச் சீட்டு விளையாட்டை ஆடுபவர்களுக்குத் தெரியும். அட்டை போடச் செலவழிக்க 3 எனர்ஜி இருக்கிறது; ஸ்ட்ரைக், பாஷ் என்ற இரண்டு தாக்குதல் அட்டைகளுக்கு அது போதும். ஸ்ட்ரைக் அடித்துவிட்டு பாஷ் போட்டால் எதிரிக்கு விழும் அடி 6, அப்புறம் 8, மொத்தம் 14. பாஷை முன்னால் போட்டால் எதிரி வல்னரபிள் ஆகிவிடுவான், அதாவது அவன்மேல் விழும் அடி ஒன்றரை மடங்காகும். அடுத்த ஸ்ட்ரைக் 9 ஆகும், மொத்தம் 17. அதே இரண்டு அட்டைதான்!

இதே விளையாட்டில் எதிரிமேல் ஏற்றும் விஷமும் அப்படித்தான்; எத்தனை விஷமோ அத்தனை உயிரைக் குறைக்கும். எதிரியின் முறை தொடங்கும்போதே வேலையைக் காட்டிவிடும். அவனுக்கு மிச்சம் 5 உயிர், விஷமும் 5 என்றால் கை ஓங்குவதற்குள் ஆள் காலி. இதே விஷம் அவன் முறை முடியும்போது இறங்கினால் விளையாட்டே வேறு.

இரண்டு பேர் ஆடும்போது சிக்கல் இன்னும் அதிகம். 'ஹார்த்ஸ்டோன்' என்ற சீட்டு விளையாட்டில் ஒரே நேரத்தில் சாகும் வீரர்களில், களத்துக்கு முதலில் வந்தவனின் டெத்ராட்டில்தான், அதாவது சாகும்போது கிளம்பும் விளைவுதான், முதலில் நடக்கும். நியாயமான விதிதான். ஆனால் நிற்கும் இடத்தைப் பார்த்து வந்த வரிசையைச் சொல்ல முடியாது, நாமேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி விளையாட்டு உருவாக்கும் நண்பர்களே, நடக்கப்போகும் வரிசையை 1, 2, 3 என்று அட்டை மேலேயே காட்டிவிடுங்கள்.