முதுகு வலிக்கு முதல் மருந்து பெல்ட் இல்லை

முதுகோ கழுத்தோ மூன்று மாதத்துக்கு மேல் வலித்தால் அது நாள்பட்ட வலி. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருக்கிறது என்று படித்ததுமே பலர் ஆபரேஷன் பயத்தில் பாதி உயிராகிவிடுகிறார்கள், ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் நிறையப் பேருக்கு அந்தப் பிதுக்கம் இருக்கும், பிதுங்கியது பல சமயம் தானாகவே சுருங்கவும் செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மனநல சிகிச்சை, இப்யூபுரூஃபன் வகை வலி மாத்திரை எல்லாம் அதில் உண்டு (வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்). நம்மூரில் எல்லாரும் முதலில் ஓடிப்போய் வாங்கும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது.

எனக்குக் கழுத்தில்தான் தொல்லை. மெஷின் ஒட்டிவிட்டுப் படுக்க வைக்கும் பிசியோதெரபி சுகமாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தால் பழைய கதை. தாடையை உள்ளிழுத்து நிறுத்துவது, ரப்பர் பேண்டைப் பிடித்துத் தோள்பட்டையைப் பின்னால் இழுப்பது என்று போரடிக்கிற பயிற்சிகள்தான் மெதுவாக வேலை செய்தன. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் வண்டி ஓட்ட முடிகிறது, தூக்கம் வருகிறது. எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடமும் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள், அவ்வளவுதான்.

சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ பயிற்சியெல்லாம் அப்புறம், அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள்.